துனிசியாவில் ஜனநாயகம் மீளுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துனிசியாவைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் எனக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். 2011 ஜனவரியில் மக்கள் எழுச்சி அதிபர் பென் அலியின் ஆட்சியைக் கவிழ்த்ததைத் தொலைக்காட்சி முன்னால் கண்விழித்துப் பார்த்த நண்பர்கள், 2021-இல் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கிய பிறகு, இன்று "அதெல்லாம் முடிஞ்சு போன கதை" என்று கையை உதறுகிறார்கள். முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த வரையில் பதில் எழுதியிருக்கிறேன்.

துனிசியா எங்கே இருக்கு? அது அரபு நாடா, ஆப்பிரிக்க நாடா?

இரண்டும்தான். வட ஆப்பிரிக்காவில், மத்தியதரைக் கடலோரம், அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் நடுவே இருக்கிற சின்ன நாடு. மக்கள்தொகை சுமார் 1.2 கோடி. பேசுவது அரபு, அலுவலகத்திலும் கல்லூரியிலும் பிரெஞ்சும் புழங்கும். 1881 முதல் 1956 வரை பிரான்சின் "பாதுகாப்பு நாடு". பெயர்தான் பாதுகாப்பு, நடந்தது காலனி ஆட்சி.

பிரெஞ்சுக்காரன் வர்றதுக்கு முன்னாடி அங்கே சட்டம், சபைன்னு ஏதாவது இருந்ததா?

இருந்தது. அரபு உலகின் முதல் எழுதப்பட்ட அரசியலமைப்பு துனிசியாவில் 1861-இல் வந்தது. பே என்றழைக்கப்பட்ட அரசரின் அதிகாரத்துக்கு அது வரம்பு கட்டியது. ஒரு பெரிய சபையையும் அமைத்தது. அந்தச் சபைக்குத் தேர்தல் கிடையாது, நியமனம்தான். 1864-இல் தலைவரியை இரட்டிப்பாக்கியதும் உள்நாட்டில் கலகம் வெடித்தது. கலகத்தோடு அரசியலமைப்பும் கிடப்பில் போனது. கடன் கழுத்தை நெரித்து, 1869-இல் நாட்டின் கஜானாவே வெளிநாட்டுக் கடன்காரர்களின் ஆணையத்தின் கைக்குப் போனது. பன்னிரண்டு ஆண்டில் பிரெஞ்சுப் படை வந்து இறங்கியது.

அந்த 1861-ஐ மக்கள் மறக்கவில்லை. 1920-இல் தொடங்கிய விடுதலைக் கட்சி தனக்கு வைத்துக்கொண்ட பெயர் "தஸ்தூர்". அரபியில் அதன் பொருள் அரசியலமைப்பு. 1938 ஏப்ரல் 9-ஆம் தேதி தலைநகர் துனிஸின் தெருக்களில் ஊர்வலம் போனவர்கள் கேட்டது துனிசிய நாடாளுமன்றம். துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்தார்கள். அந்த நாளைத் தியாகிகள் தினமாக இன்றும் அனுசரிக்கிறார்கள். ஜனநாயகம் இவர்களுக்கு 2011-இல் வெளியிலிருந்து வந்த சரக்கு என்று சொல்பவர்களிடம் நான் இந்த இரண்டு ஆண்டுகளையும்தான் எடுத்து வைப்பேன்.

சுதந்திரம் வாங்கிக் கொடுத்த புர்கிபாவே ஏன் சர்வாதிகாரி ஆனார்?

ஹபீப் புர்கிபா பெரிய மனிதர்தான், அதில் சந்தேகமில்லை. நாடு 1956 மார்ச் 20-இல் விடுதலை பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டிலேயே பலதார மணத்தைத் தடை செய்தார், பெண்ணுக்கும் நீதிமன்றம் வழியே விவாகரத்துக் கேட்கும் உரிமை கொடுத்தார். பள்ளிக்கூடங்களைத் திறந்தார். 1957-இல் முடியாட்சியை ஒழித்துக் குடியரசுத் தலைவரானார்.

ஆனால் நாட்டைத் தன் பிள்ளையாகவே பார்த்தார். பிள்ளை தகப்பனைக் கேள்வி கேட்கலாமா? 1963-இல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டதும் அவருடையது ஒன்றே கட்சி என்றானது. 1975-இல் ஆயுட்கால அதிபர் ஆனார். 1984 தொடக்கத்தில் ரொட்டி விலையை ஏற்றியபோது ஊர் ஊராகக் கலவரம், ராணுவம் சுட்டது, கடைசியில் அவரே தொலைக்காட்சியில் வந்து பழைய விலையை அறிவித்தார்.

1987 நவம்பர் 7 விடியற்காலையில் பிரதமர் பென் அலி ஏழு மருத்துவர்களிடம் கையெழுத்து வாங்கி, அதிபர் உடல்நலம் குன்றிவிட்டார் என்று சான்றிதழ் தயாரித்தார். அதிபரால் பணியாற்ற முடியாமல் போனால் பிரதமர் பொறுப்பேற்கலாம் என்று அரசியலமைப்பின் 57-ஆம் பிரிவு சொன்னது. ஒரு தோட்டாகூட வெடிக்காமல் ஆட்சி மாறியது. சட்டத்தின் ஒரு பிரிவைக் கையில் பிடித்துக்கொண்டே சட்டத்தை மீறிய இந்த வித்தையை நினைவில் வையுங்கள். 2021-க்கு வரும்போது தேவைப்படும்.

பென் அலி தேர்தல் நடத்தினாரே? அப்போ ஜனநாயகம்தானே?

நடத்தினார். 1999-இல் அவருக்கு 99 சதவீதத்துக்கு மேல் வாக்கு. 2002-இல் அதிபர் பதவிக்கான கால வரம்பை வாக்கெடுப்பு வைத்து நீக்கினார். அதற்கும் 99 சதவீதம். எந்த ஊரிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் ஒரே கருத்தில் இருக்க மாட்டார்கள்.

ஒரு பழ வியாபாரி தீக்குளிச்சதால ஆட்சியே கவிழ்ந்துச்சுன்னு சொல்றாங்க. நிஜமாவே அவ்வளவுதானா?

சிதி பூசித் என்ற உள்நாட்டு ஊரில் முகமது பூஅசீசி தள்ளுவண்டியில் பழமும் காய்கறியும் விற்றவர். வயது 26. 2010 டிசம்பர் 17-இல் நகராட்சி ஆட்கள் அவருடைய சரக்கையும் தராசையும் பறித்துக்கொண்டார்கள். ஆளுநர் அலுவலகத்துக்குப் போய் முறையிட்டார். யாரும் காது கொடுக்கவில்லை. அந்த அலுவலக வாசலிலேயே தீ வைத்துக்கொண்டார். 2011 ஜனவரி 4-இல் இறந்தார். பட்டதாரி என்று பல செய்திகள் எழுதின. அது சரியல்ல, அவர் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. பெண் அலுவலர் ஒருவர் அவரை அறைந்ததாகவும் எழுதினார்கள்; அந்த வழக்கில் அந்த அலுவலர் விடுவிக்கப்பட்டார். இதனால் பூஅசீசியின் துயரம் குறைந்துவிடாது. எடைபோடும் தராசு இல்லாமல் நாளைக்கு எப்படி வியாபாரம் செய்வது என்பதுதான் அவர் முன்னால் நின்ற கேள்வி.

நெருப்பு பற்றியது அன்றைக்கு என்றாலும் சுள்ளி பல காலமாகச் சேர்ந்திருந்தது. 2008-இல் கஃப்ஸா பகுதியில், ரெதெயெஃப் என்ற சுரங்க ஊரில், பாஸ்பேட் நிறுவனத்தின் ஆள்சேர்ப்பில் மோசடி நடந்தது என்று கிளம்பிய போராட்டம் ஆறு மாதம் நீடித்தது. நகரங்களுக்கு அதன் செய்தி போய்ச் சேராமல் அரசு பார்த்துக்கொண்டது. 2010-இல் கைபேசிக் காணொளியை அப்படி மறைக்க முடியவில்லை. காஸரீன், தாலா, ஸ்ஃபாக்ஸ், பிறகு தலைநகர் என்று பரவியது. ஜனவரி 14 மாலை பென் அலி சவூதி அரேபியாவுக்கு விமானம் ஏறினார். அன்றிரவு ஊரடங்கில் வெறிச்சோடிக் கிடந்த புர்கிபா அவென்யூவில் ஒரு வழக்கறிஞர் தன்னந்தனியாக நடந்துகொண்டே "பென் அலி ஓடிவிட்டான்" என்று கத்துகிற காணொளி ஒன்று உண்டு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மத்த அரபு நாடுகள்ல ரத்த ஆறே ஓடுச்சு. இங்க மட்டும் எப்படித் தப்பிச்சாங்க?

இரண்டு காரணங்களைச் சொல்வேன். ஒன்று, ராணுவம் சிறியது. புர்கிபாவே அதைச் சிறியதாக வைத்திருந்தார். பென் அலி நம்பியது போலீசை. எகிப்தில் போலத் தொழிலும் நிலமும் ராணுவத்தின் கையில் இல்லை, அதனால் பென் அலியைக் காப்பாற்றியாக வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை.

இரண்டாவது, எனக்கு முக்கியமாகப் படுவது, யுஜிடிடி என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு. 1946-இல் ஃபர்ஹத் ஹஷாத் தொடங்கியது; 1952 டிசம்பரில் அவரைப் பிரெஞ்சு ஆதரவுக் கொலைகாரக் கும்பல் சுட்டுக் கொன்றது. விடுதலைப் போராட்டத்தில் தானும் ரத்தம் சிந்திய அமைப்பை எந்த அதிபராலும் துரோகி என்று ஒதுக்கிவிட முடியவில்லை. ஒவ்வொரு ஊரிலும் அதற்கு அலுவலகம் உண்டு. கட்சி தடைசெய்யப்பட்ட காலத்தில் அரசியல் பேச வேறு எங்கே போவது? அந்தக் கூரைக்குக் கீழேதான்.

தொழிற்சங்கத்துக்கா நோபல் பரிசு கொடுத்தாங்க?

நான்கு அமைப்புகளுக்குச் சேர்த்து: யுஜிடிடி, முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம். 2013-இல் நாடு விளிம்பில் நின்றது. பிப்ரவரி 6-இல் இடதுசாரித் தலைவர் சுக்ரி பெலைத் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 25-இல் இன்னொரு எதிர்க்கட்சித் தலைவர் முகமது பிராஹ்மி. எகிப்தில் அதே ஜூலையில்தான் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. வேலைநிறுத்தத்தில் எதிரெதிரே உட்காரும் தொழிலாளர் சங்கமும் முதலாளிகள் சங்கமும் அப்போது ஒரே பக்கம் உட்கார்ந்து, கட்சிகளை மேசைக்கு இழுத்தன. 2011 தேர்தலில் முதலிடம் வந்து ஆட்சியிலிருந்த இஸ்லாமியக் கட்சியான அந்நஹ்தா, யாரும் துப்பாக்கி காட்டாமலே பதவி விலகியது. 2014 ஜனவரி 26-இல் புதிய அரசியலமைப்பு 200 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்தவர்கள் 12 பேர் மட்டுமே. 2015-இல் பரிசு வந்தது.

அந்நஹ்தா மதக் கட்சிதானே? இஸ்லாமும் ஜனநாயகமும் ஒத்துப்போகாதுங்கறதுதானே கடைசியில தெரிஞ்சது?

இல்லை. இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, அதனால் நேராகவே சொல்கிறேன். 2011-இல் 217 இடங்களில் 89-ஐ வென்ற அந்நஹ்தா, இரண்டு மதச்சார்பற்ற கட்சிகளோடு கூட்டணி அமைத்தது. ஷரியாவைச் சட்டத்தின் அடிப்படையாக எழுத வேண்டும் என்ற கோரிக்கையைக் கைவிட்டது. 2012-இல் அரசியலமைப்பு வரைவு ஒன்றில் பெண் ஆணுக்கு "துணை" என்ற சொல் நுழைந்தது. ஆகஸ்ட் 13-இல் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். சொல் போனது, சம உரிமை வந்தது. கேட்பதும் கொடுப்பதும் இப்படித்தான் நடக்கும்.

அந்நஹ்தாமீது குற்றம் சொல்ல வேண்டுமானால் மதத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் சொல்லலாம். பழைய ஆட்சிக்காரர்களோடு சமரசம் பேசுவதிலேயே பல ஆண்டுகளைக் கழித்தது. வேலை கேட்டு வந்தவர்களிடம் பொறுமையாக இருக்கச் சொன்னது. கடைசியில் ஜனநாயகத்தை முடக்கியவர் மதக் கட்சிக்காரர் அல்ல, சட்டப் பேராசிரியரான கைஸ் சயீத்.

2014 அரசியலமைப்பு அவ்வளவு நல்லதுன்னா, ஏன் ஏழே வருஷத்துல உடைஞ்சது?

காவலாளியை நியமிக்காமல் வீட்டைக் கட்டி முடித்தார்கள். ஒரு சட்டம் செல்லுமா செல்லாதா, அதிபர் வரம்பு மீறினாரா என்று தீர்ப்புச் சொல்ல அரசியலமைப்பு நீதிமன்றம் ஒன்று ஓராண்டுக்குள் அமைய வேண்டும் என்று அந்த ஏடே சொன்னது. 12 நீதிபதிகள்: நாடாளுமன்றம் நான்கு, நீதித்துறை உயர்மன்றம் நான்கு, அதிபர் நான்கு. முதலில் நாடாளுமன்றம், மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு. அதாவது 145 கைகள் உயர வேண்டும். ஒரு கட்சி சொன்ன பெயரை இன்னொரு கட்சி வெட்டியது. 2018-இல் ஒரே ஒருவர் தேறினார். மற்ற பதினொரு நாற்காலிகளும் கடைசி வரை காலி.

2021-இல் வாக்கு எண்ணிக்கையை 131 ஆகக் குறைத்து நாடாளுமன்றம் சட்டம் திருத்தியது. அதிபர் கைஸ் சயீத் கையெழுத்திட மறுத்தார். கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்றார். எல்லாக் கட்சிகளுக்கும் இதில் பங்கு உண்டு. தனக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லக்கூடிய நீதிமன்றத்தை எவரும் அவசரமாகக் கேட்கவில்லை.

2021 ஜூலை 25-ல என்னதான் நடந்துச்சு? அது ராணுவப் புரட்சியா?

அன்றிரவு சயீத் தொலைக்காட்சியில் தோன்றி அரசியலமைப்பின் 80-ஆம் பிரிவைச் சுட்டினார். பிரதமரை நீக்கினார், நாடாளுமன்றத்தை முடக்கினார். நாட்டுக்கு உடனடி ஆபத்து வந்தால் அதிபர் சிறப்பு நடவடிக்கை எடுக்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் அதே பிரிவு, அந்தக் காலத்தில் நாடாளுமன்றம் இடைவிடாமல் அமர்வில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முப்பது நாளுக்குப் பிறகு ஆபத்து தொடர்கிறதா என்று அரசியலமைப்பு நீதிமன்றத்தைக் கேட்கலாம். எந்த நீதிமன்றத்தை? போன பதிலைப் பாருங்கள். 57-ஆம் பிரிவை வைத்து பென் அலி செய்ததையும் பாருங்கள்.

விடிவதற்கு முன் அந்நஹ்தா தலைவரும் அவைத்தலைவருமான ராஷித் கன்னூஷி நாடாளுமன்ற வாசலுக்கு வந்தார். கதவு பூட்டியிருந்தது, உள்ளே ராணுவ வண்டி. துணைத்தலைவராக இருந்த பெண்மணி கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அரசியலமைப்பைக் காப்பதாக உறுதிமொழி எடுத்திருக்கிறோம் என்றார். அந்தப் பக்கம் நின்ற ராணுவ வீரர், நாங்கள் நாட்டைக் காப்பதாக எடுத்திருக்கிறோம் என்றார். ராணுவம் ஆட்சியைப் பிடிக்கவில்லை. கதவைப் பூட்டிக் கொடுத்தது. என் கணக்கில் அது ஆட்சிக்கவிழ்ப்புதான்.

மக்களே ரோட்டுக்கு வந்து கைதட்டினாங்களே? அப்புறம் நீங்க யாரு தப்புன்னு சொல்ல?

நியாயமான கேள்வி. அன்றிரவு மக்கள் காரில் ஹாரன் அடித்துக் கொண்டாடியது உண்மை. கொரோனாவில் மருத்துவமனைகளில் ஆக்ஸிஜன் இல்லை. நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் அடித்துக்கொண்டார்கள். பத்தாண்டில் ஒன்பது பிரதமர்கள் வந்து போனார்கள். சிதி பூசித்திலும் காஸரீனிலும் வேலையில்லாத பிள்ளைகள் அப்படியே இருந்தார்கள். "வேலை, விடுதலை, கண்ணியம்" என்று 2011-இல் முழங்கிய மூன்றில் விடுதலை மட்டும் வந்தது. அதை அடுப்பில் வைத்துச் சமைக்க முடியவில்லை. கட்சிகள்மீது அவர்களுக்கு வந்த கோபத்தில் தப்பு ஒன்றுமில்லை.

2019-இல் சயீத் 72 சதவீதத்துக்கு மேல் வாங்கி வென்றதும் அதனால்தான். கறைபடாத கை, கட்சி இல்லை, இலக்கண அரபியில் பேச்சு. அந்த வாக்கு அவரை அதிபராக்கியது. நாடாளுமன்றத்தையும் நீதிமன்றத்தையும் சேர்த்து விழுங்க அது அனுமதி ஆகாது. கைதட்டியவர்களில் எத்தனை பேர் அதற்குப் பிறகும் கூட நின்றார்கள் என்பது அடுத்த பதிலில் தெரியும்.

இப்பவும் தேர்தல் நடந்துக்கிட்டுத்தானே இருக்கு?

நடக்கிறது. 2022 ஜூலையில் சயீத் தானே திருத்தி எழுதிய அரசியலமைப்புக்கு வாக்கெடுப்பு: ஆம் என்றது 94.6 சதவீதம், வாக்குச்சாவடிக்கு வந்ததோ 30.5 சதவீதம். அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். கட்சிகளுக்கு இடமில்லை, தனிநபர்களே நிற்கலாம். வந்தவர்கள் 11 சதவீதம். பத்துத் தொகுதிகளில் ஒரே ஒரு வேட்பாளர்தான் இருந்தார். 2014-இல் பதிவு செய்த வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வந்த நாடு இது.

2024 அக்டோபர் அதிபர் தேர்தலில் மூன்று வேட்பாளர்களைச் சேர்க்கும்படி நிர்வாக நீதிமன்றம் உத்தரவிட்டது. தேர்தல் ஆணையம் கேட்கவில்லை. வாக்குப்பதிவுக்குப் பத்து நாள்கூட முழுதாக மிச்சமில்லை என்ற நிலையில், தேர்தல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தையே அந்த நீதிமன்றத்திடமிருந்து நாடாளுமன்றம் பறித்தது. நிற்க அனுமதிக்கப்பட்ட அயாஷி ஸம்மல் சிறையில் இருந்தார். சயீதுக்கு 90 சதவீதத்துக்கு மேல், வந்தவர்கள் 28.8 சதவீதம். பென் அலியின் எண்கள் திரும்பி வருகின்றன.

ஃபேஸ்புக்ல ஏதாவது எழுதினாகூட ஜெயிலாமே?

ஆமாம். 2022 செப்டம்பரில் வந்த 54-ஆம் எண் ஆணைச்சட்டம், "பொய்ச் செய்தி" பரப்பினால் ஐந்தாண்டு சிறை என்கிறது. அரசு ஊழியரைப் பற்றியது என்றால் இரட்டிப்பு. பொய் எது என்று சொல்வது யார்? 2022 பிப்ரவரியில் நீதித்துறை உயர்மன்றம் கலைக்கப்பட்டது, ஜூனில் 57 நீதிபதிகள் ஒரே நாளில் நீக்கப்பட்டார்கள். 2025 ஏப்ரலில் "சதி வழக்கு" ஒன்றில் எதிர்க்கட்சிக்காரர்கள், வழக்கறிஞர்கள், தொழிலதிபர்கள் எனப் பலருக்கு 13 முதல் 66 ஆண்டு வரை தண்டனை கிடைத்தது. கன்னூஷி 2023 ஏப்ரலிலிருந்து சிறையில்.

பிரான்சும் ஐரோப்பாவும் ஜனநாயகம் ஜனநாயகம்னு பேசுறவங்கதானே? ஏன் வாயை மூடிட்டு இருக்காங்க?

2011 ஜனவரியில், பென் அலி விழுவதற்கு மூன்று நாள் முன்பு, பிரான்சின் வெளியுறவு அமைச்சர் மிஷெல் அலியோ-மாரி கலவரத்தைக் கட்டுப்படுத்தத் தன் நாட்டுப் போலீசின் திறமையைக் கடன் தர முன்வந்தார். அடுத்த மாதம் பதவி போனது. 2023 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் சயீதோடு ஒப்பந்தம் போட்டது. படகில் வருபவர்களைத் தடுக்க மட்டும் 10.5 கோடி யூரோ. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் சயீத் கறுப்பின ஆப்பிரிக்கக் குடியேறிகளைப் பற்றி வெறுப்புப் பேச்சுப் பேசி, அவர்கள் தெருவில் துரத்தப்பட்டார்கள். வெளியிலிருந்து உதவி வரும் என்று துனிசிய ஜனநாயகவாதிகள் எதிர்பார்ப்பதில்லை. நாமும் எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லாத்துக்கும் காலனி ஆட்சிதான் காரணம்னு சொல்லிடலாமா?

பாதிதான் சொல்லலாம். 1899-இல் முடிந்த ரயில் பாதை கஃப்ஸா சுரங்கத்திலிருந்து ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்கு ஓடுகிறது. தோண்டுவது உள்நாட்டில், பணம் கடற்கரையில். தலைநகரிலிருந்து அனுப்பப்படும் ஆளுநர், அவருக்குக் கீழே போலீஸ் என்ற அமைப்பும் அந்தக் காலத்து வார்ப்புத்தான். ஆனால் விடுதலைக்குப் பிறகு கிட்டத்தட்ட எழுபது ஆண்டுகள். புர்கிபா மொனஸ்தீர்க்காரர், பென் அலி சூஸ் பக்கம், இருவரும் கடற்கரைக்காரர்கள், பாதையின் திசையை இருவரும் மாற்றவில்லை. 2018-இல் முதன்முறையாக எல்லா ஊரிலும் சுதந்திரமான நகராட்சித் தேர்தல் நடந்தது. 2023 மார்ச்சில் அந்த மன்றங்களையும் சயீத் கலைத்தார். பூஅசீசியின் தராசைத் திருப்பிக் கேட்கக்கூடிய இடம் அதுவாக இருந்திருக்கும்.

யுஜிடிடி மறுபடியும் காப்பாத்துமா?

2013-இல் இருந்த பலம் இன்று அதனிடம் இல்லை. 2021 ஜூலையில் முதலில் சயீதுக்கு எதிராக அது உறுதியாக நிற்கவில்லை. இன்னொன்று வலிக்கிறது: அதே மாதம் சங்கம் தன் விதியின் 20-ஆம் பிரிவைத் திருத்தி, தலைமை மூன்றாம் முறை நிற்க வழி செய்துகொண்டது. அதிபரின் கால வரம்பைப் பற்றிப் பேச வேண்டிய வாய்க்கு அதனால் பூட்டு விழுந்தது. இருந்தாலும் 2025 ஆகஸ்டில் அதிபரின் ஆதரவாளர்கள் சங்க அலுவலகத்தை முற்றுகையிட்டபோது தொழிலாளர்கள் பேரணியாக வந்தார்கள். ஊர்தோறும் அலுவலகம் உள்ள வேறு அமைப்பு இன்றும் அங்கே இல்லை.

அப்போ இனி வாய்ப்பே இல்லைன்னு சொல்றீங்களா?

சொல்லவில்லை. 2025 அக்டோபரில் கேபெஸ் நகரில் பாஸ்பேட் ரசாயன ஆலையின் நச்சுப் புகையை எதிர்த்துப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனதுதான் பொறி. அவர்கள் கேட்டது காற்று. 2008 ரெதெயெஃபை மறைத்ததுபோல இதை மறைக்க முடியவில்லை. பத்தாண்டு வாய்திறந்து பேசிப் பழகிய தலைமுறை அது.

சயீத் போனால் எல்லாம் சரியாகும் என்றும் நான் நம்பவில்லை. பென் அலி போனார், அவருடைய போலீசும் ஆளுநர்களும் இருந்தார்கள்.

சரி, இனிமே செய்தியில எதைப் பார்க்கணும்?

தேர்தல் தேதியைவிட நீதிமன்றத்தைப் பாருங்கள். 2022 அரசியலமைப்பும் ஓர் அரசியலமைப்பு நீதிமன்றம் உண்டு என்கிறது. இம்முறை எல்லோரும் அதிபர் நியமிக்கும் மூத்த நீதிபதிகள். அதுவும் அமைக்கப்படாமலே கிடக்கிறது. நீக்கப்பட்ட நீதிபதிகள் பணிக்குத் திரும்புகிறார்களா, 54-ஆம் ஆணைச்சட்டம் திருத்தப்படுகிறதா, நகராட்சித் தேர்தல் மறுபடி வருகிறதா என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் 2029. அதிபர் பதவிக்கு இரண்டே முறை என்ற வரம்பு இன்னும் ஏட்டில் இருக்கிறது. சயீதின் இரண்டாவது முறை அந்த ஆண்டில் முடிகிறது. புதிய அரசியலமைப்பின் கீழ் 2024-தான் முதல் முறை என்று யாராவது வாதாடத் தொடங்கினால், அது சரியா என்று சொல்ல இன்றைக்கு அங்கே ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை.